கேட்டதும் சொன்னதும்: பன்னாட்டுப் பணிக்கு ஆள் தயாரிக்கும் அரசுத் திட்டங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. மூன்று ஆண்டுகளாக ஓர் இளைஞர் மன்றத்தில் வேலை செய்கிறேன். அரசுகளின் செலவிலேயே வெளிநாடு சென்று பயிற்சி பெறும் திட்டங்கள் நிறைய இருக்கின்றன என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

திட்டத்தின் பெயரைத் தேடுமுன் அதற்குள் நுழையும் வாசல் எது என்று பாருங்கள். வாசல் தவறினால் நல்ல விண்ணப்பமும் படிக்கப்படாமலே கிடக்கும்.

தனி ஆள் நேராக விண்ணப்பிக்கும் திட்டங்கள் உண்டு. பிரிட்டன் அரசு 1983இல் தொடங்கிய செவனிங் உதவித்தொகை அப்படிப்பட்டது. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கான முழுச் செலவையும் ஏற்கிறார்கள். பட்டப்படிப்போடு 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்பார்கள். சம்பளமில்லாத தொண்டு வேலையும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாரம் 35 மணி நேரம் வேலை செய்பவருக்கு இது 80 வாரம். வார இறுதியில் 10 மணி நேரம் மட்டும் மன்றத்துக்குக் கொடுப்பவருக்கு 280 வாரம், அதாவது ஐந்து ஆண்டுக்கும் மேல். ஆகவே எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். மாதக் கடைசியில் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். விண்ணப்பிக்கும் இரவில் உட்கார்ந்து பழைய மணிகளை எண்ணுகிறவர்கள் கூட்டியோ குறைத்தோ எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

1970இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டமும் நேராக விண்ணப்பிக்கக்கூடியது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. வெளிநாட்டில் பணியாற்றும் இளைஞர் தன்னார்வலருக்கு வயது 18 முதல் 26 வரை. 27 முதல் வல்லுநர் பிரிவு. உங்கள் வயதுக்கு இரண்டு ஆண்டு கையில் இருக்கிறது. அதற்குமுன் அதன் இணையவழித் தன்னார்வப் பணியில் சேர்ந்து ஒரு வேலையை முடித்துக் காட்டுங்கள். பயணம் இல்லை, விசா இல்லை. வேறு நாட்டு ஆட்களோடு கெடு தவறாமல் வேலை செய்ததற்கு ஒரு சான்று கையில் கிடைக்கும்.

இரண்டாவது வாசல் உங்கள் அரசின் பரிந்துரை. ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்கா நடத்தும் குறுகியகாலப் பயிற்சிகளும், இந்தியா 1964 முதல் வெளிநாட்டினருக்காக நடத்திவரும் ஐடெக் என்ற தொழில்நுட்ப ஒத்துழைப்புப் பயிற்சிகளும் இவ்வகை. இலங்கை, மலேசியா போன்ற நாடுகளில் இருப்பவர்கள் ஐடெக்கைக் கவனிக்க வேண்டும். விமானச் சீட்டு, தங்குமிடம், படி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் விண்ணப்பம் உங்கள் நாட்டுத் துறையின் முத்திரையோடு தூதரகத்துக்குப் போக வேண்டும். அறிவிப்பில் அச்சாகியிருப்பது தூதரகத்தின் கடைசி நாள். துறையில் கோப்பு நகர எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே கேட்டு அந்த நாளைத்தான் உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வகைத் திட்டங்களில் வாய்ப்பு நழுவுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, ஆள் விண்ணப்பிக்க முடியாமல் அமைப்பு மட்டுமே விண்ணப்பிக்கும் திட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் இளைஞர் பரிமாற்றத்தில் ஒரு பையனோ பெண்ணோ தனியாகப் பெயர் கொடுக்க முடியாது. பதிவு எண் பெற்ற அமைப்புகள் சேர்ந்து திட்டம் எழுத வேண்டும். உலகின் எல்லா நாடுகளுக்கும் அது திறந்ததும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியமும் அதை ஒட்டிய நாடுகளுமே பெரும்பாலும் பங்கெடுக்கின்றன. அங்கே குடியிருக்கும் நம் இளைஞர்கள்தான் இதை அதிகம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜே.பி.ஓ. என்ற இளநிலை அலுவலர் திட்டத்தையும் பலர் கேட்கிறார்கள். 1961 முதல் நடக்கிறது. ஒரு நாட்டு அரசு தன் குடிமக்களை ஐ.நா. அமைப்புகளில் தன் செலவில் சில ஆண்டு வேலைக்கு அமர்த்தும் ஏற்பாடு இது. வயது வரம்பு பெரும்பாலும் 32. பணம் கொடுக்கும் நாட்டின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாய்ப்பு குறைவு. நெதர்லாந்து போன்ற சில அரசுகள் மட்டும் வளரும் நாட்டவருக்கும் சில இடங்களை ஏற்கின்றன.

கேள்வி: அமெரிக்க அரசின் சர்வதேசப் பார்வையாளர் தலைமைத்துவத் திட்டத்தில் சேர்த்துவிடுவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. 1940 முதல் நடக்கும் அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பமே கிடையாது. அந்தந்த நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம்தான் தானாக ஆட்களைத் தேர்ந்து பெயர் கொடுக்கிறது. இல்லாத படிவத்துக்கு யாரும் கட்டணம் வாங்க முடியாது. ஐ.நா. வேலைக்கும் எந்தக் கட்டத்திலும் கட்டணம் இல்லை. "தேர்வாகிவிட்டீர்கள், விடுதிப் பணத்தை மட்டும் முன்னதாக அனுப்புங்கள்" என்று வரும் அழைப்புக் கடிதத்தைக் கண்டால் அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: நான்கு முறை விண்ணப்பித்தேன். ஒருமுறைகூட நேர்காணலுக்கு அழைக்கவில்லை. கட்டுரைகளை ஆங்கிலம் தெரிந்தவரிடம் காட்டித் திருத்தித்தான் அனுப்பினேன். தவறு எங்கே?

நீங்கள் அனுப்பியிருந்த பிரதியைப் படித்தோம். ஆங்கிலத்தில் குறை ஒன்றும் இல்லை. முதல் வரியே "சமூகத்துக்குச் சேவை செய்வதில் சிறு வயது முதலே ஆர்வம் கொண்ட இளம் தலைவர் நான்" என்று தொடங்குகிறது. இதே வரியைத் தேர்வாளர் அன்று காலையிலேயே பலமுறை படித்திருப்பார். அதில் உங்களைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள்.

ஒரு மாதிரிக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: "பள்ளியை விட்டு நின்ற 40 பிள்ளைகளின் வீடுகளுக்கு நானும் மூன்று தோழர்களும் ஏழு மாதம் போய்வந்தோம். 26 பேர் திரும்ப வந்தார்கள். வராத 14 பேரில் ஒன்பது பேர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக நின்றவர்கள். அவர்களுக்கு எங்களிடம் வழி இல்லை." இந்த நான்கு வரியில் வேலை இருக்கிறது, அளவு இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சிக்கல்தான் உங்களைப் பயிற்சிக்கு அழைத்துப் போகிற காரணம். "உழைக்கும் பெற்றோருக்கான குழந்தைக் காப்பகங்களை உள்ளாட்சி அமைப்புகள் எப்படி நடத்துகின்றன என்பதை உங்கள் நாட்டில் பார்க்க வேண்டும்" என்று அடுத்த வரி தானாக வந்து நிற்கும். ஏன் இந்த நாடு, ஏன் இந்தப் படிப்பு, திரும்பிப்போய் என்ன செய்வாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே நூலில் பதில் கோத்துவிட்டது.

தோல்வி கண்ட இடத்தைச் சொன்னால் மதிப்பு குறையும் என்று நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். இந்தத் திட்டங்களில் நிலைமை தலைகீழ். எல்லாம் வெற்றி என்று எழுதுகிறவருக்குப் பயிற்சி எதற்கு என்றுதான் தேர்வாளர் கேட்பார்.

இன்னொன்று. நான்கு திட்டங்களுக்கும் ஒரே கட்டுரையை, நாட்டின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறீர்கள். ஓரிடத்தில் பழைய நாட்டின் பெயரே நிற்கிறது. அந்த ஒரு சொல் மற்ற எல்லாப் பக்கங்களையும் கெடுத்துவிட்டது.

கேள்வி: பரிந்துரைக் கடிதத்தை "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார் எங்கள் தலைவர்.

எழுதிக் கொடுக்காதீர்கள். கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குப் புரிந்துவிடும். பதிலாக அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: திட்டம் என்ன, எதைப் பார்த்து ஆளெடுக்கிறார்கள், அவர் கண்முன் நீங்கள் செய்த மூன்று வேலைகள், தேதியோடு. பெரிய பதவியில் இருப்பவரின் பொத்தாம்பொதுவான பாராட்டைவிட, உங்களோடு தினமும் வேலை செய்த நேரடிப் பொறுப்பாளர் எழுதும் அரைப் பக்கம் உதவும்.

கேள்வி: அரசுகள் ஏன் வெளிநாட்டு இளைஞருக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வளவு செலவழிக்கின்றன? உள்நோக்கம் இருக்குமோ என்று எங்கள் குழுவில் விவாதம்.

நோக்கம் இருக்கிறது, அதை யாரும் மறைப்பதும் இல்லை. அரசுகளுக்கு இடையிலான உறவை ஆட்களுக்கு இடையிலான உறவாலும் வளர்ப்பது என்பது அறியப்பட்ட வெளியுறவு முறை. ஃபுல்பிரைட் திட்டம் 1946இல் தொடங்கியபோது, போரில் மிஞ்சி வெளிநாடுகளில் கிடந்த தளவாடங்களை விற்ற பணம்தான் அதற்கு முதலீடு. தைவானைப் பாருங்கள். 1971 முதல் அதற்கு ஐ.நா.வில் இடம் இல்லை. அரசு நுழைய முடியாத அரங்குகளில் தொண்டு அமைப்புகள் நுழையலாம் என்பதால் அதன் வெளியுறவு அமைச்சகம் 2000இல் அரசுசாரா அமைப்புகளின் பன்னாட்டு வேலைக்கென்றே ஒரு குழுவை அமைத்தது. பயிற்சி கொடுப்பவருக்கு என்ன தேவை, நமக்கு என்ன தேவை என்று இரண்டையும் பக்கம்பக்கமாக எழுதிப் பாருங்கள். பொருந்துகிற இடம் இருந்தால் போகலாம். உங்கள் நாட்டில் வெளிநாட்டு உபசரிப்பு, நிதி பற்றிய சட்டம் இருந்தால் அமைப்பின் கணக்கில் காசு ஏறுவதற்கு முன்பே தணிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்திலிருந்து ஆறு ஆண்டுகளில் ஐந்து பேரைப் பயிற்சிக்கு அனுப்பினோம். திரும்பி வந்ததும் ஒரு படக்காட்சி போடுகிறார்கள், அதோடு சரி. மூன்று பேர் வேலையையே விட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

தவறு போனவர்கள்மேல் மட்டும் இல்லை. அனுப்பும்போதே "இந்தப் பயிற்சி எங்கள் எந்த வேலைக்கு" என்று முடிவு செய்யாமல், ஆங்கிலம் யாருக்கு வரும் என்று பார்த்து அனுப்பியிருக்கிறீர்கள். ஆங்கிலம் நன்றாக வருபவருக்கு வெளியே வேலையும் எளிதில் கிடைக்கும்.

போகும் முன் நிறுவனம் அவரிடம் இரண்டே கேள்விகளைக் கொடுத்தனுப்பட்டும். அவை களத்தில் வேலை செய்பவர்கள் எழுதிய கேள்விகளாக இருக்கட்டும். "நன்கொடையாளரைத் தேடு" என்பது கேள்வி ஆகாது. "பேரிடரில் தன்னார்வலரைப் பதிவு செய்ய அவர்கள் எந்தப் படிவம் வைத்திருக்கிறார்கள், எத்தனை கேள்வி கேட்கிறார்கள்" என்பது கேள்வி. அந்தப் படிவத்தின் ஒரு பிரதியைக் கையோடு கொண்டுவந்தால் அதுவே பயணத்துக்குக் கூலி.

ஜைக்கா பயிற்சிகளில் கடைசி வாரம் ஒவ்வொருவரும் ஒரு செயல்திட்டம் எழுதி அளிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலானோர் அதில் மலையைப் புரட்டுவதாக எழுதிவிடுகிறார்கள்: தேசிய மையம், கொள்கை மாற்றம் என்று. ஊர் திரும்பியதும் அதற்குக் காசும் இல்லை, அதிகாரமும் இல்லை. தன் மேசையில், தன் அதிகாரத்துக்குள், புதிதாகப் பணம் கேட்காமல் 90 நாளில் மாற்றக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எழுதச் சொல்லுங்கள். அதை மேலாளர் பயணத்துக்கு முன்பே பார்த்து, "இதற்கு வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்குகிறேன்" என்று எழுத்தில் தரட்டும். திரும்பி வந்தவரின் மேசையில் மூன்று வார வேலை குவிந்து கிடந்தால் எந்தச் செயல்திட்டமும் பெட்டியைவிட்டு வெளியே வராது.

வேலையை விட்டுப் போவதைத் தடுக்கப் பத்திரம் எழுதி வாங்கும் நிறுவனங்கள் உண்டு. எங்கள் கருத்தில் அதனால் பெரிய பலன் இல்லை. இருவராக அனுப்ப முடிகிற திட்டங்களைத் தேடுங்கள். ஒருவர் மட்டும் போனால், வந்த முதல் மாதத்திலேயே கற்றதை இன்னொருவருக்குச் செய்து காட்டிக் கற்பிப்பதை அவருடைய வேலையாக வையுங்கள்.

கேள்வி: எங்கள் நாட்டின் இளைஞர் பிரதிநிதியாக ஐ.நா. கூட்டத்தில் மூன்று நிமிடம் பேச வாய்ப்பு கிடைத்திருக்கிறது. உரையை எப்படித் தயாரிப்பது?

முதலில் கணக்கு. உங்கள் பேச்சு உரைபெயர்ப்பாளர் வழியாகப் பிற அலுவல் மொழிகளுக்குப் போகும். அவர்கள் பின்தொடர வேண்டுமானால் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 120 சொற்கள்தான். மூன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 330 சொற்கள். தலைவருக்கு வணக்கம், நன்றி என்று 20, 30 சொற்கள் போய்விடும். கையில் இருப்பது 300. பலர் 500 சொற்களை எழுதிவைத்துக்கொண்டு விரைந்து படிப்பார்கள். உரைபெயர்ப்பாளர் பாதியை விட்டுவிடுவார். நேரம் முடிந்ததும் ஒலிவாங்கியை அணைத்துவிடும் அரங்குகளும் உண்டு. முக்கியமான கோரிக்கையைக் கடைசிப் பத்தியில் வைத்தவருக்கு அது பேசப்படாமலே போய்விடும். ஆகவே கோரிக்கையை இரண்டாம் பத்தியிலேயே வையுங்கள்.

கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். "இளைஞர்மீது அரசுகள் அக்கறை காட்ட வேண்டும்" என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை, அதனால் யாரும் எதுவும் செய்யப்போவதும் இல்லை. ஏற்கெனவே அரசுகள் ஒப்புக்கொண்ட ஆவணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1995இல் பொதுச்சபை ஏற்ற உலக இளைஞர் செயல்திட்டம் இருக்கிறது. இன்று அதில் 15 முன்னுரிமைத் துறைகள். அமைதிப் பணியில் இளைஞர் பங்கு பற்றிப் பேசுவதென்றால் பாதுகாப்பு அவையின் 2250ஆம் தீர்மானம், டிசம்பர் 2015. "இன்ன ஆவணத்தில் இதற்கு ஒப்புக்கொண்டீர்கள், இன்னதைச் செய்யுங்கள்" என்று கேட்டால் குறிப்பெடுப்பவரின் பேனா அசையும்.

உரையின் பிரதியை முன்கூட்டியே செயலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அது உரைபெயர்ப்பாளர் கைக்குப் போய்ச் சேரும். எண்களையும் ஆட்பெயர்களையும் நிதானமாகச் சொல்லுங்கள். சுருக்கெழுத்துப் பெயர்களை முதல்முறை விரித்தே சொல்ல வேண்டும். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது கைப்பேசியில் பதிவு செய்து, 2 நிமிடம் 45 நொடிக்குள் முடிகிறதா என்று பாருங்கள். அரங்கில் பதற்றத்தில் வேகம் கூடுவதும் உண்டு, ஒரு மிடறு தண்ணீருக்கு நிற்பதும் உண்டு. அதற்குத்தான் அந்த 15 நொடி.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். தீர்மானத்தின் சொற்கள் நீங்கள் பேசும் நாளில் தீர்மானிக்கப்படுவதில்லை. வரைவு மீதான பேச்சுவார்த்தை பெரும்பாலும் வேறு அறைகளில், வேறு நாட்களில் நடந்துகொண்டிருக்கும். உங்கள் நாட்டுத் தூதுக்குழுவில் அந்த வரைவைக் கையில் வைத்திருக்கும் அலுவலர் யார் என்று சில வாரம் முன்பே விசாரித்து, "இந்தப் பத்தியில் இந்தச் சொல்லைச் சேர்க்க முடியுமா" என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். மேடைப் பேச்சைவிட அந்த அரைப் பக்கத்துக்கு வலு அதிகம். உங்களுக்கு இந்த வாய்ப்பைத் தந்த பயிற்சியில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி (ஐ.நா. கூட்டங்களில் தொண்டு நிறுவனங்கள் கலந்துகொள்ள வழிசெய்யும் அங்கீகாரம்) பெற என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு காலம் பிடிக்கும்?

1996ஆம் ஆண்டின் 31ஆம் தீர்மானம்தான் இதற்கு அடிப்படை. நிறுவனம் பதிவாகிக் குறைந்தது இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். சட்ட விதிகள், பதிவுச் சான்று, நிதியறிக்கை, வெளியீடுகளின் மாதிரி ஆகியவற்றோடு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இணையவழி விண்ணப்பம். கட்டணம் இல்லை. ஜூன் 1க்குள் அனுப்பினால் அடுத்த ஆண்டுச் சுற்றில் எடுப்பார்கள். 19 நாடுகள் கொண்ட குழு ஆண்டுக்கு இருமுறை கூடிப் பரிசீலிக்கும்.

காலதாமதம் குழுவின் கேள்விகளால் வருகிறது. எந்த உறுப்பு நாடும் கேள்வி கேட்கலாம். கேட்டால் விண்ணப்பம் தள்ளிப்போகும். இரண்டு அமர்வுகள் தொடர்ந்து பதில் தராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அதனால் விண்ணப்பத்தில் கொடுக்கும் மின்னஞ்சல் ஒரு தனி ஊழியருடையதாக இருக்கக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போனால் கேள்வி யார் கண்ணிலும் படாது. நிதியறிக்கையில் வரவும் செலவும் பொருந்தாதது, அரசிடமிருந்து பணம் வாங்கியதை விளக்காதது ஆகியவை கேள்விகளைக் கூட்டும். சிலருக்கு எதிர்பாராத இடத்தில் இடிக்கும்: நிறுவனத்தின் இணையதளத்தில், தைவான் போன்ற சர்ச்சைக்குரிய நிலப்பகுதிகளின் பெயர்கள் ஐ.நா. வழக்கப்படி எழுதப்படாவிட்டால் திருத்தச் சொல்லிக் கேட்பார்கள்.

கிடைத்தபின்னும் வேலை இருக்கிறது. இந்தத் தகுதியில் பொது, சிறப்பு என்ற வகைகளைப் பெற்றவர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். மறந்தால் முதலில் இடைநீக்கம், பிறகு தகுதியே போய்விடும். ஒவ்வோர் ஆண்டும் கலந்துகொண்ட கூட்டங்களை ஒரு கோப்பில் அப்போதைக்கப்போது எழுதிவந்தால் அறிக்கை ஒரு பிற்பகல் வேலைதான்.

கேள்வி: எட்டு இளைஞர்களைக் குழுத்தலைவராகப் பரிமாற்றத்துக்கு அழைத்துப் போகிறேன். இரண்டு பேருக்கு 18 வயது ஆகவில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பெயர்களில் தொடங்குங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே அழைப்புக் கடிதம், விமானச் சீட்டு, காப்பீடு மூன்றிலும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்குக் கூடுதல் சிக்கல் வரும்; அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களுக்கு முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும், பயணச்சீட்டையும் அதற்கு ஏற்ப எடுக்க வேண்டும். கடவுச்சீட்டுக்குத் திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதம் உயிர் இருக்கிறதா, விமானம் மாறும் நாட்டில் இடைவழி விசா வேண்டுமா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். குழுவில் ஒருவர் வேறு குடியுரிமை உடையவராக இருந்தால் விதி அவருக்கு மட்டும் மாறும்.

18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம் வேண்டும். பயணச் சம்மதம் வேறு, அவசர மருத்துவத்துக்கான சம்மதம் வேறு; இரண்டையும் வாங்குங்கள். குழுவில் இன்னொரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும். நீங்கள் ஒருவரோடு மருத்துவமனையில் இருக்கும்போது மற்ற ஏழு பேரோடு யார் இருப்பது?

மருந்துகளை அதன் பெட்டியிலேயே, மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். ஜப்பானுக்குள் ஆம்ஃபெட்டமைன் கலந்த கவனக்குறைபாட்டு மருந்தை மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. யார் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பதைக் குழுவின் நடுவில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். கூச்சத்தில் மறைத்த மருந்துதான் விமான நிலையத்தில் பிரச்சினையாகிறது.

கேள்வி: அமெரிக்க அரசின் உதவித்தொகையில் போனவர் பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தேடலாமா?

அரசுப் பணத்தில் ஜே-1 என்ற பரிமாற்றப் பார்வையாளர் விசாவில் போகிறவர்களுக்குத் தாயகத்தில் மொத்தம் இரண்டு ஆண்டு வசிக்க வேண்டும் என்ற விதி பொருந்தும். அதை முடிக்கும்வரை ஹெச், எல் வகை வேலை விசாவும் நிரந்தரக் குடியிருப்பும் கிடைக்காது. அந்த இரண்டு ஆண்டைத் தொடர்ச்சியாக முடிக்க வேண்டியதில்லை. விட்டுவிட்டு இருந்த நாட்களையும் கூட்டிக்கொள்ளலாம். சுற்றுலா விசாவுக்கு இந்தத் தடை இல்லை. செவனிங்கிலும் இரண்டு ஆண்டு நாடு திரும்பும் நிபந்தனை உண்டு. ஜே-1இல் போகிறவர்களின் விசாத் தாளிலும் அதற்கான டி.எஸ்.-2019 படிவத்திலும் இரண்டு ஆண்டு விதி பொருந்துமா என்று குறித்திருப்பார்கள். கையெழுத்திடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.